சன்னலைக் கொத்தும் பறவை



சென்ற விடுமுறையில் ஜோகூர் நீரிணையைக் கடந்து சிங்கப்பூர் சென்று வந்த நம் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, பள்ளி திறந்த முதல் நாளே ஒரு வினாவுடன் நம்மிடம் வந்தாள். சாங்கியில் அவளுடைய பெரிய தாத்தா வீட்டுச் சன்னலை ஒரு பெரிய பறவை நாள்தோறும் காலையில் வந்து கொத்துகிறதாம். வளைந்த மஞ்சள் அலகு, அலகின் மேல் இன்னோர் அலகைக் கவிழ்த்தாற்போல ஒரு புடைப்பு, கரிய உடல், வெள்ளை வயிறு. விரட்டினால் மரத்திற்குப் போகிறது. சற்று நேரத்தில் மீண்டும் வருகிறது. வீட்டுப் பாட்டி, "இது நல்லதற்கில்லை" என்று அஞ்சி விளக்கேற்றி வேண்டிக்கொண்டாராம். அண்டை வீட்டார், "பசி போலும், பழம் வையுங்கள்" என்றனராம். மாணவியின் அண்ணனோ லாஸ்டிக்கைத் தேடினானாம். "இம்மூவரில் யார் செய்தது சரி, ஐயா?" என்பது அவள் வினா.

மூன்றும் பொருந்தா. அப்பறவை தீங்கை அறிவிக்க வரவில்லை; பசித்தும் வரவில்லை; குறும்பு செய்யவும் வரவில்லை. தன் குடும்பத்திற்கென்று தேர்ந்தெடுத்த இடத்தைக் காப்பதற்காகவே அது போரிடுகிறது. அது போரிடும் பகைவன்தான் அங்கே இல்லை. இதனை விளக்குவதே இப்பாடம்.

சாங்கிக்குச் செல்லாமலே இக்காட்சியை நாம் காணலாம். செம்பனைக் குலை வெட்டச் செல்வோர் மோட்டார் சைக்கிளை மர நிழலில் நிறுத்திவிட்டுப் போகின்றனர். நண்பகலில் திரும்பி வந்து பார்த்தால் பக்கக் கண்ணாடியில் எச்சமும் அழுக்குக் கோடுகளும் படிந்திருக்கின்றன. "எந்தப் பையன் செய்த வேலை?" என்று நம் மாணவர்மேல் பழி வந்ததும் உண்டு. செய்தவன் உள்ளங்கைக்குள் அடங்கும் தேன்சிட்டு. லயன் வீட்டுச் சன்னல்களில் கொண்டைக்குருவியும் குண்டுகரிச்சானும் இவ்வாறே படபடக்கின்றன. குண்டுகரிச்சானை நம் மலாய் அண்டை வீட்டார் 'முராய்' என்பர்.

பறவை அங்கே காண்பது யாது? இதற்கு முதலில் கண்ணாடியின் இயல்பை அறிதல் வேண்டும். சன்னல் கண்ணாடிக்குப் பின்புறம் ரசம் பூசப்படவில்லை. ஆயினும், தன்மேல் நேராக விழும் ஒளியில் நூற்றில் ஏறத்தாழ 8 பங்கை அது திருப்பி அனுப்புகிறது. பகலில் வெளியே வெளிச்சம் மிகுதி, வீட்டினுள் குறைவு. ஆதலால் உள்ளிருந்து வரும் சிறிதளவு ஒளியை, வெளியிலிருந்து பட்டுத் திரும்பும் ஒளி மறைத்துவிடுகிறது. வெளியில் நிற்கும் பறவைக்குச் சன்னல் ஒரு முகக்கண்ணாடி ஆகிவிடுகிறது. சாய்வாக விழும் காலை வெயிலும், சன்னலுக்கு உட்புறம் இருண்ட அறையும் அமைந்துவிட்டால் பிம்பம் இன்னும் தெளிவாகத் தெரியும்.

மாணவர்கள் இதனைத் தம் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். இரவில் விளக்கெரியும் அறையினுள் சன்னலருகே நில்லுங்கள். வெளியே உள்ள மரம் தெரியாது. உங்கள் முகமே தெரியும். விளக்கை அணைத்தவுடன் முகம் மறைந்து மரம் தெரியும். பகலில் பறவைக்கு நேர்வதும் இதுவே. வெளிச்சம் உள்ள பக்கம் மட்டும் மாறியிருக்கிறது.

நம் பாட்டன்மார் காலத்தில் இத்தொல்லை இவ்வளவு இல்லை. அத்தாப்பு வேய்ந்த வீடுகளில் மரக்கதவுச் சன்னல்களே இருந்தன. சாங்கியிலும் பிரிட்டிஷ் இராணுவத்தினர்க்கென எழுந்த கறுப்பு வெள்ளை வீடுகளில் அகன்ற தாழ்வாரமும் மூங்கில் தட்டிகளும் வெயிலைத் தடுத்தன. (சன்னல் என்னும் சொல்லே போர்த்துகீசியரிடமிருந்து வந்தது. அதற்குமுன் பலகணி என்றும் சாளரம் என்றும் நாம் வழங்கினோம். கண் பல உடையது பலகணி. அதன் கண்கள் வழியே காற்று வந்தது, பிம்பம் விழவில்லை.) இன்று வீடுதோறும் கண்ணாடி. பறவையின் குணம் மாறவில்லை. நம் சுவர்தான் மாறிவிட்டது.

பறவை தன் பிம்பத்தோடு ஏன் போரிட வேண்டும்? கூடு கட்டும் பருவத்தில் ஆண் பறவை ஓர் இடத்தைத் தனதாக்கிக் கொள்கிறது. சில இனங்களில் பெண்ணும் சேர்ந்து காக்கும். அவ்விடத்தில் உள்ள பூவும் பழமும் புழுவுமே பிறக்கப்போகும் குஞ்சுகளுக்கு உணவு. தன் இனத்து மற்றொரு பறவை அங்கு நுழைந்தால் உணவும் குறையும். துணையையும் இழக்க நேரலாம். விடியற்காலையில் முராய் பாடும் இனிய பாட்டு நம்மை மகிழ்விப்பதற்கன்று. "இவ்விடத்திற்கு உரியவன் நான்" என்று அது அறிவிக்கிறது. பெரும்பாலும் பாட்டோடு பூசல் முடிந்துவிடும். வந்தவன் விலகிப் போவான். போகாதவனோடுதான் அலகும் நகமும் பேசும்.

இத்தகைய போருக்கு முழு உருவம்கூடத் தேவையில்லை. இங்கிலாந்தில் டேவிட் லாக் என்னும் ஆசிரியர் செம்மார்பு ராபின் என்னும் சிறு பறவையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1943இல் ஒரு நூல் வெளியிட்டார். பாடம் செய்யப்பட்ட ராபின் ஒன்றை அவர் தோட்டத்தில் வைத்தபோது, அவ்விடத்திற்குரிய பறவை அதனைத் தாக்கியது. செம்மார்பு இறகுகளை மட்டும் ஒரு கொத்தாகக் கட்டி வைத்தபோதும் அப்பறவை அச்சுறுத்தி நின்றது. செந்நிறம் தோன்றாத குஞ்சின் உருவத்தையோ அது பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. டச்சு நாட்டு அறிஞர் நிக்கோ டின்பெர்கன் வளர்த்த சிறு மீன்களின் கதை மாணவர்க்குச் சிரிப்பூட்டும். அம்மீனினத்து ஆணுக்கு இனப்பெருக்கக் காலத்தில் வயிறு சிவக்கும். சன்னலோரத் தொட்டியில் இருந்த அம்மீன்கள், தெருவில் செந்நிற அஞ்சல் வண்டி சென்றபோதெல்லாம் அதனைப் பகைவனாகக் கருதிச் சீறினவாம்! விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்தமைக்காக 1973ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவருள் டின்பெர்கனும் ஒருவர்.

மீன் வண்டியைக் கண்டே சீறுமாயின், அலகும் கண்ணும் சிறகும் தன்னைப் போலவே உடைய ஓர் உருவத்தைக் கண்ட பறவை என்ன செய்யும்? அச்சுறுத்துகிறது. அவ்வுருவமும் அச்சுறுத்துகிறது. பறவை ஓர் அடி முன்வைக்கிறது, உருவமும் முன்வருகிறது. கொத்தினால் கொத்துகிறது, அதுவும் அதே இடத்தில், அதே வேகத்தில். மெய்யான பகைவன் ஒரு நிலையில் களைத்து ஓடுவான். இவன் ஓடுவதில்லை. பறவை அலுத்துக் கிளைக்குத் திரும்பினால் அவனும் மறைகிறான். வென்றுவிட்டோம் என்று பறவை கருதுமோ என்னவோ! மீண்டும் வந்தால் அவன் அங்கேயே இருக்கிறான். இவ்வாறு நாள்கணக்கில், சிலபோது வாரக்கணக்கில் இப்போர் நீள்கிறது. பருவம் கழிந்து உடலில் அவ்வேகத்தைத் தூண்டும் சுரப்புகள் குறையும்போது தானே ஓய்கிறது.

"தன்னையே அறியாத மூடப் பறவை" என்று மாணவர் நகைக்க வேண்டா. மனிதக் குழந்தையும் பிறந்தவுடன் கண்ணாடியில் தன்னை அறிவதில்லை. ஒன்றரை வயதிலிருந்து இரண்டு வயதிற்குள்தான் பெரும்பாலான குழந்தைகள் அதனை உணர்கின்றன. அதற்குமுன் கண்ணாடிக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும் குழந்தையைத் தாய்மார் அனைவரும் கண்டிருப்பர். நெற்றியில் நிறப்புள்ளி இட்டுக் கண்ணாடியைக் காட்டும் சோதனையில் சிம்பன்சிக் குரங்குகள் தம்மை அறிந்துகொண்டதை 1970இல் கார்டன் கேலப் என்னும் அமெரிக்கர் எடுத்துக்காட்டினார். பறவைகளில் ஐரோப்பிய மேக்பை என்னும் காக்கை இனம் 2008இல் செருமானிய அறிஞர்களின் சோதனையில் தேறியது. அங்கும் எல்லாப் பறவைகளும் தேறவில்லை. நம் தேன்சிட்டின் வாழ்வில் கண்ணாடிக்கு இடமே இருந்ததில்லை. ஓடும் நீரிலும் தேங்கிய குட்டையிலும் குனிந்தால்தான் பிம்பம் தெரியும். நிமிர்ந்து நின்று எதிர்த்துப் பார்க்கும் பிம்பத்தை நாம்தான் அதற்குக் கொடுத்தோம்.

இக்குணத்தை வேட்டுவர் நெடுங்காலத்திற்கு முன்பே அறிந்திருந்தனர். பழக்கிய விலங்கையோ பறவையையோ காட்டி, அதன் இனத்தைப் பிடிக்கும் முறை நம் பண்டைத் தமிழ் நூல்களில் 'பார்வை' எனப்படுகிறது. மலாய் மக்கள் 'டெனாக்' என்பதும் இதுவே. கூண்டினுள் ஒரு பறவையைப் பாடவிட்டால், "என் இடத்தில் எவன்?" என்று காட்டுப் பறவை பாய்ந்து வரும், கதவு விழும். இனிய குரலுக்காக இவ்வாறு பிடிக்கப்பட்டே முராய் சிங்கப்பூரில் ஒரு காலத்தில் அருகிப்போயிற்று. வீட்டைக் காக்கும் வீரமே அதனைக் கூண்டில் அடைத்தது.

இனிச் சாங்கிப் பறவைக்கு வருவோம். அது இருவாய்ச்சி. நம் 5 ரிங்கிட் தாளின் பின்புறம் இருப்பது அதன் பெரிய உறவு. சாங்கியில் உள்ளது சிறிய இனம். எனினும் 2 அடி நீளம் இருக்கும். இப்பறவை சிங்கப்பூரில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மறைந்துவிட்டது. காடு அழிந்ததும் வேட்டையும் காரணம். பின்னர் 1994இல் சாங்கிக்கு எதிரே உள்ள புலாவ் உபின் தீவில் இவ்வினம் மீண்டும் காணப்பட்டது. பெரிய பொந்துள்ள முதிய மரங்கள் குறைவாக இருந்தமையால், 2004 முதல் ஆய்வாளர்கள் செயற்கைக் கூடுகளை அமைத்து உதவினர். இன்று சாங்கி கிராமத்து மரங்களில் இருவாய்ச்சி அன்றாடக் காட்சி. உணவங்காடியில் தேநீர் அருந்துவோரும், ஸ்ரீ ராமர் ஆலயத்திற்கு வருவோரும் தலைநிமிர்ந்தால் அதனைக் காணலாம்.

இருவாய்ச்சி குடும்பம் நடத்தும் முறை வியப்பிற்குரியது. பெண் பறவை மரப்பொந்தினுள் புகுந்து, மண்ணும் பழச்சதையும் எச்சமும் கொண்டு வாயிலை அடைத்துக்கொள்கிறது. ஓர் அலகு நுழையும் அளவிற்கு மட்டுமே பிளவு விடுகிறது. முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சு வளரும் மாதங்களில் ஆண் பறவைதான் பழமும் பூச்சியும் கொணர்ந்து அப்பிளவு வழியே ஊட்ட வேண்டும். குடும்பம் முழுவதற்கும் ஒருவன் உழைப்பு! அத்தகையவன் காலைப்பொழுதைச் சன்னலோடு மல்லுக்கட்டிக் கழித்தால் வரும் இழப்பைத் தொழிலாளர் குடும்பத்தாராகிய நமக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. அலகு புண்படுவதும், களைத்து விழுந்து பூனைக்கு இரையாவதும் சிறு பறவைகளுக்கு உண்டு.

ஆகவே பறவையை விரட்டுவதில் பயனில்லை. பிம்பத்தை அகற்ற வேண்டும். இங்கே பலரும் தவறுவது ஓரிடத்தில். உட்புறம் திரையை இழுத்துவிட்டு, "திரை போட்டும் கொத்துகிறதே!" என்பர். கருந்திரை உள்ளிருந்தால் கண்ணாடி முன்னினும் நன்றாகப் பிம்பம் காட்டும். மறைப்பு வெளிப்புறத்தில் இருத்தல் வேண்டும். செய்தித்தாளை வெளிப்பக்கம் ஒட்டலாம். சவர்க்கார நீரைக் கெட்டியாகக் கரைத்துப் பூசி உலரவிடலாம். மூங்கில் தட்டியோ வலையோ தொங்கவிடலாம். பணச்செலவு இல்லை. மோட்டார் சைக்கிள் கண்ணாடிக்கு ஒரு பழைய காலுறை போதும். வேலை முடிந்து புறப்படும்போது மறவாமல் கழற்ற வேண்டும். சாங்கி வீட்டார்க்கு மாணவியின் தந்தை தொலைபேசியில் இதனைக் கூற, அவர்கள் சன்னலின் வெளியே தட்டி கட்டினர். இருவாய்ச்சி இரண்டு நாள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு வரவில்லையாம்.

பழம் வைக்கும் எண்ணத்தையும் விட வேண்டும். வீட்டருகே உணவு கிடைத்தால் பறவை அங்கேயே தங்கும். சன்னலை மேலும் நாடும். மேலும், சிங்கப்பூரில் காட்டுயிர்களுக்கு உணவளிப்பது 2020 முதல் சட்டப்படி குற்றம். லாஸ்டிக்கைப் பற்றி நாம் கூறவேண்டியதை அந்த அண்ணனிடம் நேரிலேயே கூறிவிட்டோம்.

பாட்டியை நாம் குறை கூறவில்லை. காரணம் தெரியாத ஓசை விடியற்காலையில் சன்னலில் எழுந்தால் யார்க்கும் நெஞ்சு துணுக்குறும். ஆனால் அவ்வச்சம் எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும் என்பதற்கு நம் தோட்டத்திலேயே ஒரு சான்று உண்டு. நோயுற்றுக் கிடந்த முதியவர் ஒருவரின் தலைமாட்டுச் சன்னலில் ஒரு கொண்டைக்குருவி மூன்று நாள் தொடர்ந்து மோதியது. "எனக்கு அழைப்பு வந்துவிட்டது" என்று அவர் மருந்து உண்பதையே நிறுத்திவிட்டார். மகன் வந்து சொல்லக் கேட்டு, நாமும் இரண்டு ஆசிரியர்களும் சென்று சன்னலின் வெளிப்புறம் முழுவதும் செய்தித்தாளை ஒட்டினோம். பெரியவரை மெல்ல நடத்திக் கொணர்ந்து, முற்றத்திலிருந்து எஞ்சிய கண்ணாடியில் அவர் முகத்தையே காட்டினோம். "இந்தப் பயல் என்னைத் தேடி வரவில்லையா?" என்று கேட்டார். அன்றிரவு மருந்து உண்டார். அடுத்த தீபாவளிக்கு அவர் வீட்டிலிருந்து பள்ளிக்கு ஒரு டின் முறுக்கு வந்தது.

கூகை அலறினால் சாவு என்று தோட்டங்களில் அஞ்சிய காலமும் இருந்தது. செம்பனைப் பழத்தைக் கடித்தழிக்கும் எலிகளை ஒடுக்க நிருவாகத்தாரே கம்பம் நட்டுக் கூகைக்குப் பெட்டிக்கூடு வைத்தபின், அச்சம் எங்கோ போயிற்று. இப்போது கூடு காலியாக இருந்தால்தான் கவலைப்படுகிறோம்!

சன்னலருகே படபடக்கும் பறவையெல்லாம் போரிடுகிறது என்று கொள்ளவும் கூடாது. தேன்சிட்டு தன் தொங்கு கூட்டைச் சிலந்தி நூலால் பிணைக்கும். சன்னல் மூலையில் உள்ள ஒட்டடையையும் சிலந்தியையும் எடுக்க அது அந்தரத்தில் சிறகடித்து நிற்பதுண்டு. ஒரே இடத்தில் வந்து, கண்ணாடியின் நடுவில் கொத்தி, விலகி, மீண்டும் கொத்தினால் போர். சட்டத்தின் மூலைகளில் துழாவிவிட்டுப் போனால் அறுவடை. மாணவர்கள் நாள், நேரம், வெயிலின் திசை, பறவை கொத்திய இடம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதினால் வேறுபாடு ஒரு வாரத்தில் விளங்கிவிடும்.

மூன்றாவது ஒன்று உண்டு, அதுவே கொடியது. கண்ணாடியில் வானமும் மரமும் தெரிய, வழி உளதென்று நம்பிப் பறவை முழு வேகத்தில் மோதுவது. கொத்தும் பறவை பெரும்பாலும் பிழைக்கும். மோதும் பறவை பெரும்பாலும் பிழைப்பதில்லை. அமெரிக்க ஐக்கிய நாட்டில் மட்டும் ஆண்டுதோறும் 36 கோடி முதல் 99 கோடி வரையான பறவைகள் கட்டடங்களில் மோதி மடிவதாக 2014இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. சிங்கப்பூரில் இவ்வாறு விழுவனவற்றுள் மரகதப் புறாவும், வடக்கிலிருந்து வலசை வரும் பிட்டாக்களும் மிகுதி. தமிழ்நாட்டில் ஆறுமணிக்குருவி என்று வழங்கும் பறவையின் இனம் இப்பிட்டா. இரவில் பறந்து கடலோரம் வந்து சேரும் அதற்கு நகரின் விளக்கு திசையை மயக்குகிறது. கண்ணாடி உயிரை வாங்குகிறது. பெரிய சன்னல் உள்ளோர் அதன் வெளிப்புறத்தில் புள்ளிகளையோ கோடுகளையோ இரண்டு அங்குல இடைவெளியில் இட்டால் பறவை அதனைத் தடை என்று உணரும். ஒரே ஒரு பருந்துப் படத்தை நடுவில் ஒட்டிவைப்பதால் பெரும்பயன் இல்லை. படத்தை விட்டு விலகி மற்றைய இடத்தில் மோதும்.

மோதி விழுந்த பறவை உயிரோடிருப்பின், வாயில் நீர் ஊற்றாதீர், சோறும் ஊட்டாதீர். மூச்சுக்குழலில் நீர் புகுந்தால் இறந்துவிடும். துணியால் மெல்ல எடுத்து, காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் வைத்து மூடி, பூனையும் சிறுவரும் அணுகாத அமைதியான இடத்தில் வையுங்கள். இருட்டு அதற்கு மருந்து. அடிக்கடி திறந்து பார்த்தல் கூடாது. ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து, கண்ணாடி இல்லாத திறந்த வெளிக்குப் பெட்டியைக் கொண்டுசென்று மூடியை அகற்றுங்கள். பறந்து போனால் நலம். சிறகு தொங்கினாலோ குருதி கசிந்தாலோ பெட்டியை மீண்டும் மூடிப் பள்ளிக்குக் கொண்டு வாருங்கள். வனவிலங்குத் துறையினர்க்கு நாம் செய்தி அனுப்புவோம்.